போலீசுக்கு யார் சம்பளம் கொடுத்தது?

கிணத்துக்கடவு பேரூராட்சியில் சொத்துவரி கட்டினால் அதோடு நூலக வரியும் சேர்ந்து போகும். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் தொடங்கிவைத்த வழக்கம் அது. குடிநீருக்குத் தனிக் கட்டணம். போலீசுக்கு என்று ஒரு பைசா கிடையாது. "இத்தனை வரி கட்டறோமுங்க, ராத்திரி ரோந்துக்கு ஒரு ஆளைக் காணோமே" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். பேரூராட்சிக்குக் கட்டுற வரி வேற, ரோந்துக்கான பணம் வேற. காவல் துறை மாநில அரசின் செலவு. 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு என்று பட்டியல் போட்ட 29 துறைகளிலும் காவல் இல்லை.

ஆனால் இது ஆதியிலிருந்து இப்படி இருந்ததில்லை. கும்பினியார் வருவதற்கு முன்னால் ஊர்க்காவலுக்கு ஊரே கூலி கொடுத்தது, பெரும்பாலும் களத்துமேட்டில் தானியமாக. பாளையக்காரர்கள் காவல் வரி என்று தனியாக வாங்கியதும் உண்டு. கும்பினி அரசு இதை எடுத்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, 1816ஆம் ஆண்டின் 11ஆம் ரெகுலேஷன் மூலம் ஊர் போலீஸ் வேலையை மணியக்காரரிடமே ஒப்படைத்தது. தலையாரி அவருக்குக் கைத்துணை.

அந்த ரெகுலேஷனில் ஒரு இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சில்லறை அடிதடி, வசவுக்கு மணியக்காரர் ஒருத்தரைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். குற்றவாளி 'தாழ்ந்த சாதி' என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். சட்டமே அப்படித்தான் எழுதியிருந்தது. 'அந்தக் காலத்துல ஊரே ஊரைப் பாத்துக்கிச்சு' என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஊர்க்காவல் என்றால் ஊரில் யார் கை ஓங்கியிருந்ததோ அவர்களுடைய காவல்தான்.

மேல்மட்டத்தில் இன்னொரு வில்லங்கம். தாசில்தாரே தாலூகாவின் போலீஸ் தலைவர். வரி வசூலிக்கிற கையும் லத்தி பிடிக்கிற கையும் ஒண்ணு. தீர்வை பாக்கி வைத்தவனை என்னவெல்லாம் செய்தார்கள் என்பதை 1855இல் வந்த சென்னைச் சித்திரவதைக் கமிஷன் அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதன் பிறகுதான் 1859இல் தனிப் போலீஸ் சட்டம் (24ஆம் சட்டம்) வந்தது. வசூலும் காவலும் பிரிந்தன. சீருடைப் போலீஸ் வந்தது.

வந்த போலீசுக்குப் பணம்? 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. 1865இல் சென்னை மாகாண நகரச் சீர்திருத்தச் சட்டம் போட்டார்கள். அதன்படித்தான் 1866இல் கோயமுத்தூர் நகராட்சி ஆனது. நகராட்சி என்றதும் நமக்குச் சாக்கடையும் தெருவிளக்கும் நினைவு வரும். சட்டத்தின் நோக்கத்தில் போலீசும் இருந்தது. நகரத்துப் போலீஸ் செலவில் பெரும்பங்கை நகராட்சி தன் வரியிலிருந்து கொடுக்க வேண்டும், மிச்சத்தில்தான் ரோடும் குப்பையும்.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் நகரங்கள் போலீசுக்குப் பணம் கொடுத்தன. வித்தியாசம் என்னவென்றால், 1835 சட்டத்தின்படி அங்கே நகரசபையின் காவல் குழுதான் ஆள் எடுக்கும், ஆளை நீக்கும். 1856க்குப் பிறகு நன்றாக நடக்கிற படைக்குச் செலவில் நாலில் ஒரு பங்கை அரசு தந்தது. இங்கே நகராட்சி பணம் கொடுக்கும், உத்தரவு மேலிருந்து வரும். உறுப்பினர்களும் நியமன ஆட்கள்தான். வீட்டு வரி கட்டிய கோயமுத்தூர்க்காரருக்குக் கேள்வி கேட்க ஒரு வாசலும் இல்லை.

கிணத்துக்கடவு அப்போது பொள்ளாச்சித் தாலூகாவில் ஒரு கிராமம், நகராட்சிச் சட்டத்துக்கு வெளியே. ஆனால் கிராமமும் தப்பவில்லை. 1864இன் நாலாம் சட்டம் நிலத்தீர்வையோடு கிராம ஊழியச் செஸ் போட வழி செய்தது. மணியக்காரர், கர்ணம், தலையாரி சம்பளம் அதிலிருந்து. சம்பளம் காசானதும், தலையாரி தானியத்துக்கு வந்து நின்ற களத்தின் மீதான அவருடைய கடமையும் குறைந்துபோயிற்று என்பது என் ஊகம். 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்து இன்னொரு செஸ்: ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கு.

அதற்குள் மேலே கணக்கு மாறத் தொடங்கிவிட்டது. 1870 டிசம்பரில் மயோ பிரபு போலீஸ், சிறை, கல்வி, மருத்துவம் எல்லாவற்றையும் மாகாணங்களின் தலையில் இறக்கினார். 1882 மே மாதத் தீர்மானத்தில் ரிப்பன் பிரபு உள்ளாட்சிகளுக்கு ஒரு பேரம் வைத்தார்: போலீஸ் செலவை நாங்க பாத்துக்கறோம், அந்தப் பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பொதுவேலைக்கும் திருப்புங்க. இது நல்ல பேரம் என்றுதான் நான் நினைக்கிறேன். உள்ளூர் வரிப்பணத்தில் பள்ளிக்கூடம் எழும்ப அது வழிவிட்டது. ஆனால் பின்னால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் வந்தபோது, அவர்கள் மேசையில் போலீஸ் பைலே இல்லை. கேள்வி கேட்க ஆள் வந்த நேரத்தில் கேட்க வேண்டிய விஷயம் வேறு கட்டடத்துக்குப் போயிருந்தது.

ஊரோடு ஒட்டியிருந்த கடைசிக் கண்ணியும் 1980 நவம்பரில் அறுந்தது. எம்.ஜி.ஆர். அரசு மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. தொழுமரத்தை நினைத்தால் அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

இன்றைக்குப் பேரூராட்சி செய்கிற காவல் வேலை தெருவிளக்கு எரியவைப்பதுதான். வரி இல்லாவிட்டாலும் ஊர்க் காசு போலீசுக்குப் போகாமல் இல்லை. பொள்ளாச்சி ரோட்டில் நிற்கிற தடுப்புகளைப் பாருங்க, நகைக்கடை, ஜவுளிக்கடை பேர் எழுதியிருக்கும். சிசிடிவி கேமராவுக்கும் கடைக்காரர்களிடம்தான் கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்குப் பேரூராட்சிக் கணக்கிலும் இடமில்லை, சட்டமன்றத்தில் வைக்கிற காவல் துறை மானியக் கோரிக்கையிலும் இடமில்லை.