நந்தன் பாட்டும் பாடுவோர் காட்டிய பொருளும்

ஏட்டில் உள்ள பாட்டுக்குப் பாதி உயிரே உண்டு. பாடுவோர் எச்சொல்லை நீட்டுகின்றனர், எவ்விடத்தில் நிறுத்துகின்றனர், எதனைத் திரும்பத் திரும்ப இசைக்கின்றனர் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அவையோர் நெஞ்சில் பதிகின்றது. இவ்வுண்மைக்கு நம் சமுதாயத்தோடு பிணைந்த நந்தன் வரலாறே நல்ல சான்று ஆகும்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, ஆதனூரில் வாழ்ந்த நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்தவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள் முழங்கிற்று. அவரோ வெளியே நின்றார். இம்முரண் நாம் மறக்கத் தக்கதன்று.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலக்கிழாரை அவர் புகுத்தினார். அதனால் அடியவர் வரலாறு பண்ணையடிமையின் வரலாறாகவும் விரிந்தது. கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே வேதியரின் சினத்தையும் நந்தனின் ஏக்கத்தையும் தம் குரலில் காட்டுவார். பக்தியில் மட்டும் அவர் தோய்ந்து நின்றால் பண்ணைக் கொடுமை மறைந்துவிடும். வேதியரின் மறுப்பை அழுத்திக் காட்டினால் அடிமைத்தனம் அவையின் கண்முன் வந்து நிற்கும்.

மாஞ்சி இராகத்தில் அமைந்த 'வருகலாமோ' என்னும் கீர்த்தனையைக் கருதுவோம். தலைப்பே ஒரு வினா. அதனைக் குழைந்து குழைந்து பாடினால் அது கெஞ்சுதலாக ஒலிக்கும். கேட்போர் கண்ணீர் சிந்திவிட்டு மன நிறைவோடு வீடு திரும்புவர். அவ்வினாவை நிமிர்ந்து எழுப்பி ஒரு கணம் மௌனம் காத்தால், விடை கூறும் பொறுப்பு அவையோரிடம் வந்து சேரும். இராகமும் சொல்லும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

காலமும் பொருளை மாற்றும். 1935-இல் 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாகத் தோன்றிப் பாடியபோது மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நம்மவர்க்கு இடமில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் நம் மக்களை அழைத்துக்கொண்டு அக்கோயிலுள் நுழைந்தார். 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாக நடித்துப் பாடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. முன்பு மன்றாட்டாகக் கேட்ட வினா, பின்னர் உரிமையை நினைவூட்டும் வினாவாகக் கேட்கத் தகுதி பெற்றது.

ஆயினும் நந்தன் தீயில் மூழ்கிய பின்னரே தில்லைக்குள் சென்றதாகக் கதை முடிகின்றது. அதனை மங்கல முடிவாகப் பாடுதல் மரபு. குடிசை எரிந்த துயரை அறிந்த நாம் அவ்விடத்தில் மகிழ இயலுமோ? அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நந்தனை ஓர் அரசனாகவே காட்டினார். கேட்போர் கூட்டத்திலிருந்து எழுந்து கதைக்கு வேறு பொருள் கண்ட துணிவு அது.

அத்துணிவு இசைமேடைக்கும் வேண்டும். மிருதங்கத்திற்குத் தோல் பதனிட்டு வார் இழுத்த கைகள் நம்முடையவை. மேடையின் நடுவில் அமர்ந்து பாடும் குரலும் நம்முடையதாக வேண்டும். நம் பிள்ளைகள் எழுத்தோடு இசையும் கற்பார்களாக! நந்தனின் வினாவை அவர்கள் தலைநிமிர்ந்து பாடும் நாளில், அதன் முழுப்பொருளையும் நாடு கேட்கும்.