பணியை வேகப்படுத்தும், இழப்பைத் தடுக்கும் கணினிக் குறுக்குவழிகள்

பெங்களூரு: தகவல் தொழில்நுட்ப நகரமான பெங்களூரு உட்பட, கணினியில் பணிபுரிவோர் பலரும் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மாறி மாறிக் கையைக் கொண்டு செல்வதில் நேரத்தை இழக்கின்றனர். இதனைக் குறைக்க உதவும் விண்டோஸ் குறுக்குவழிகள் வருமாறு:

நகலெடுக்க: கன்ட்ரோல் + சி நகலெடுக்கும், எக்ஸ் வெட்டும், வி ஒட்டும். வெட்டி ஒட்டும் முறையை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லர் தம் சகாவுடன் உருவாக்கினார்.

இழப்பைத் தடுக்க: கன்ட்ரோல் + எஸ் கோப்பைச் சேமிக்கும். திடீரென மின்சாரம் தடைபட்டாலும் அதுவரை சேமித்தவை அழியாது. தவறுதலாக நீக்கியதைக் கன்ட்ரோல் + இசட் மீட்கும். குரோம் உலாவியில் மூடிவிட்ட பக்கத்தைக் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி மீண்டும் திறக்கும்.

திரையைப் பூட்ட: இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் + எல் அழுத்த வேண்டும். கடவுச்சொல் அமைக்கப்பட்டிருந்தால், பிறர் கோப்புகளைத் திறக்க இயலாது.

பழைய நகல்களைக் காண: விண்டோஸ் + வி, முன்னர் நகலெடுத்தவற்றைப் பட்டியலிடும். முதன்முறை இவ்வசதியை இயக்கிக்கொள்வது அவசியம். நகலெடுத்த கடவுச்சொல்லும் இதில் தங்கக்கூடும் என்பதால், பலர் பயன்படுத்தும் கணினியில் பட்டியலை அழித்துவிடுவது நல்லது.

மொழி மாற்ற: தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் தட்டச்சு செய்வோர், அமைப்புகளில் அம்மொழிகளைச் சேர்த்தபின் விண்டோஸ் + ஸ்பேஸ் மூலம் மாறலாம்.

ஆப்பிள் மேக் கணினிகளில் நகலெடுத்தல், சேமித்தல் போன்றவற்றுக்குக் கன்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசை பயன்படுகிறது. அனைத்தையும் ஒரே நாளில் மனனம் செய்யத் தேவையில்லை. சேமித்தல், மீட்டல், பூட்டுதல் ஆகிய மூன்றையும் முதலில் பழகுவது பயன் தரும்.