கலிபோர்னியாவின் மறியல்களை நிரப்பியது ஆர்?

குற்றம் கூடினால் மறியல் நிரம்பும், குறைந்தால் காலியாகும். நானும் அப்படித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். கலிபோர்னியாவின் கதை அதைக் குழப்பிவிட்டது. அங்கே 1990களில் குற்றங்கள் குறைந்துகொண்டு வந்தன. ஆனால் மாநிலச் சிறைகளில் இருந்தோர் தொகை 2006 வரை ஏறி 170,000ஐத் தாண்டியது.

அப்ப நிரப்பியது ஆர்? பெரும்பாலும் சட்டம்தான்.

முந்தி அங்கே நீதிபதி "ஒரு வருடம் தொடக்கம் ஆயுள் வரை" எண்டமாதிரித்தான் தீர்ப்பளிப்பார். எப்போது விடுவது என்பதை ஒரு சபை முடிவு செய்யும். ஒரே குற்றத்துக்கு ஒருவர் கெதியாய் வெளியே வருவார், மற்றவர் கிடந்து இழுபடுவார். இந்த அநியாயத்தை மாற்ற, தண்டனைக் காலத்தைச் சட்டத்திலேயே நிர்ணயிக்கும் மசோதாவில் 1976இல் ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்டார். நோக்கம் நல்லதுதான். ஆனால் வருடக் கணக்கு சட்டத்தில் ஏறியபின், அதைக் கூட்டுவது அரசியல்வாதிகளுக்கு லேசாப்போச்சு. 1994இல் வந்த "மூன்று முறை" சட்டம் அதன் உச்சம். முன்பு பாரதூரமான குற்றங்கள் செய்த ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியதற்கு 25 வருடம் தொடக்கம் ஆயுள் வரை கிடைத்தது. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அதே நீதிமன்றம் 2011இல் வேறு குரலில் பேசியது. ஏறத்தாழ 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் அதன் இரட்டிப்புக்குக் கிட்ட ஆட்கள். உடற்பயிற்சி மண்டபங்களில் அடுக்குக் கட்டில்கள், ஓரிடத்தில் 54 பேருக்கு ஒரு மலசலகூடம். கொள்ளளவின் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன உத்தரவை ஐந்துக்கு நான்கு என்று நீதிபதிகள் உறுதிசெய்தனர். வழக்கில் எதிர்த்தரப்பின் பெயர் ஆளுநர் பிரவுன். ஓம், அதே ஆள்தான், 35 வருடத்துக்குப் பிறகு திரும்பவும் பதவியில்!

மாநிலம் என்ன செய்தது? அந்த ஒக்டோபரிலிருந்து, பாரமில்லாத குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களை கவுண்டி மறியல்களிடம் ஒப்படைத்தது. கவுண்டி எண்டால் எங்கட மாவட்டம் மாதிரி. அந்த மறியல்கள் குறுகிய காலத் தடுப்புக்குக் கட்டப்பட்டவை. அங்கே ஏற்கெனவே பாதிக்கு மேற்பட்டோர் தண்டனையே பெறாதவர்கள், கன பேர் பிணைக்குக் காசில்லாதவர்கள். விளக்கமறியல் எண்டால் எங்களுக்கு விளங்கும்தானே. இப்ப வருடக்கணக்கில் தண்டனை அனுபவிப்பவர்களும் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். நெரிசலில் ஒரு பங்கு இடம் மாறியது, அவ்வளவுதான். சில கவுண்டிகள் இடமில்லாமல் ஆட்களை நேரத்தோடு விடவேண்டி வந்தது.

2014இல் 950 டொலருக்கு உட்பட்ட திருட்டையும், போதைப்பொருளைச் சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பதையும் சிறு குற்றமாக்க மக்கள் வாக்களித்தார்கள். அதன்பிறகு கவுண்டி மறியல்களிலும் ஆட்கள் குறைந்தனர். 2024 நவம்பரில், கடைத்திருட்டுக் கோபத்தில், அதில் ஒரு பகுதியை வாக்காளர்களே திருப்பிப் போட்டார்கள்.