மெட்டு ஏறிய தலைச்சுமை

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில், மேற்கே மலையைப் பார்த்தபடி இருக்கிறது ராசிங்காபுரம். அந்த மலைமேல் உள்ள போடிமெட்டுக்கு இன்று 17 கொண்டை ஊசி வளைவுகளோடு நெடுஞ்சாலை உண்டு. விடியற்காலையில் ஏலத்தோட்டத்து ஆட்களோடு ஜீப்புகள் ஏறுகின்றன. ஜீப்புக்கு முந்தைய காலத்தில் அரிசியும் உப்பும் கருவாடும் மேலே போனதும், ஏலமும் காபியும் கீழே வந்ததும் கழுதை, குதிரை முதுகிலும் மனிதத் தலையிலும்தான்.

மூணாறு தேயிலைக்கு வேறு வழி கிடைத்தது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் வந்தது. 1908-இல் அது குறும்பாதை ரயிலானது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. இந்த ரயிலின் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். மூட்டை சுமந்தவர்களின் உடம்புக்கு என்ன ஆனது என்பதைத்தான் யாரும் பெரிதாக எழுதிவைக்கவில்லை.

“தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது” என்று சுமையை இறக்கியதும் சொல்கிற வலி மருத்துவத்துக்குப் புதிதல்ல. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜூல் டினெல் 1932-இல், உடம்பை வருத்தி முக்கும்போது வரும் தலைவலியைத் தனியாக விவரித்தார். கனத்தைத் தூக்கும் நொடியில் பெரும்பாலும் மூச்சை அடக்கித்தான் முக்குவார்கள். அப்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, தலையிலிருந்து இறங்கவேண்டிய ரத்தம் சற்றுத் தேங்கும். ரத்த அழுத்தமும் எகிறும். 1985-இல் கனடாவில் மெக்டூகல் குழுவினர் உடற்கட்டு வீரர்களின் ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவி செருகி அளந்தார்கள். இரு காலாலும் பெரும் பளுவை உந்தியபோது சராசரி அழுத்தம் 320/250. ஓய்வில் இருப்பவருக்கு 120/80 போதும்.

உழைப்பால் வரும் இந்தத் தலைவலி வெயிலிலும் உயரமான இடத்திலும் கூடும் என்று சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாடு சொல்கிறது. அடிவாரத்து வெயிலில் புறப்பட்டு மெட்டு வரை சுமந்தவருக்கு இரண்டும் ஒரே நாளில் வாய்த்தன. கழுத்துத் தசை இறுகி வரும் வலியும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மருந்து என்று இருந்தவை சுக்குப் பற்று, உப்புப் போட்ட நீராகாரம், நெற்றியில் இறுக்கிக் கட்டிய துண்டு. தலைக்கும் மூட்டைக்கும் நடுவே சும்மாடு. ஆனால் தமிழ்நாட்டுப் பாதைகள் கண்ட மிக நல்ல ஏற்பாடு சுமைதாங்கிக் கல்தான். நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல். உயரம் ஏறக்குறைய ஆள் தலைமட்டம். வழிநடைக்காரர் தனியாகவே சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு தலையை அண்டக் கொடுத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். குனிந்து தரையிலிருந்து தூக்கவேண்டியதில்லை; “ஒரு கை குடுங்கண்ணே” என்று யாரையும் எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை. தலையில் ரத்தம் தேங்கும் அந்த முக்கலை இந்தக் கல் குறைத்திருக்கும் என்று சொல்லலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இதை நட்டுவைப்பது வழக்கமாக இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன ஒருத்தியின் சுமைக்காக ஊரார் சுமையை இறக்க இடம் செய்தவர்கள், விறகுக்கட்டு சுமந்துவரும் பெண்களையும் நினைத்துத்தான் செய்திருப்பார்கள்.

இளவட்டக்கல்லில் கதை தலைகீழ். குந்தி உட்கார்ந்து, உருண்டைக் கல்லைக் கட்டிப்பிடித்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோய்ப் பின்னால் போடவேண்டும். தரையிலிருந்து தூக்குவதே அங்கே போட்டி. தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு இன்றும் இது நடக்கிறது. நூறு கிலோவைத் தாண்டும் கற்களும் உண்டு. பயிற்சியே இல்லாமல், பெயருக்காக ஒரே மூச்சில் முயல்கிற இளைஞனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஓர் ஆள் எவ்வளவு சுமக்கலாம் என்ற கேள்வியை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் எடுத்தது. வயது வந்த ஆணுக்கு 55 கிலோ என்று பரிந்துரைத்தது. அதைவிடக் கனமான நெல், சர்க்கரை மூட்டைகள் பிறகும் வெகுகாலம் தலையில் ஏறின.

உழைப்புத் தலைவலி பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் தானாகப் போய்விடும். எல்லோருக்கும் அப்படியல்ல. அமெரிக்க மருத்துவர் ரூக் 1968-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய வலி வந்த 103 பேரைப் பல ஆண்டுகள் கவனித்ததில், 10 பேருக்கு மண்டைக்குள் வேறு கோளாறு இருந்தது. மெட்டுப் பாதையில் திடீரென இடி விழுந்ததுபோல் தலைவலித்துச் சுருண்டவரைக் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லி வேப்பிலை அடித்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கக்கூடும். இன்று தேனி அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூட்டையோ, கல்லோ, ஜிம்மில் இரும்போ தூக்கும்போது அப்படி ஒரு வலி முதல்முறை வந்தால், மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.