லைபேஸ் நொதிகளின் இடத்தேர்வு

லைபேஸ் என்பது எண்ணெயையும் கொழுப்பையும் நீரின் துணையோடு பிளக்கும் நொதி. எண்ணெயின் பெரும்பகுதி டிரைகிளிசரைடு. அதில் கிளிசராலின் மூன்று கார்பன்களிலும் ஒவ்வொரு கொழுப்பு அமிலம் இணைந்திருக்கும். பல லைபேஸ்கள் இம்மூன்று பிணைப்புகளையும் ஒன்றுபோல் வெட்டுவதில்லை. ஓர் இடத்தை அறுக்கும். மற்றோர் இடத்தைத் தொடாது. இதுவே இடத்தேர்வு.

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளில் விளையும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இதற்கு நல்ல சான்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. வரிசை நிலக்கடலை ரகங்களை உருவாக்கியது. பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெயின் நடு இடத்தில், அதாவது 2ஆம் இடத்தில், பெரும்பாலும் ஒலீயிக், லினோலீயிக் அமிலங்களே அமர்ந்திருக்கும். பால்மிடிக் அமிலம் ஓரங்களில் இருக்கும். 20 முதல் 24 வரை கார்பன் கொண்ட நீண்ட அமிலங்கள் ஏறத்தாழ முழுவதும் 3ஆம் இடத்தில்தான்.

கடலையை உண்டால் இரைப்பை லைபேஸ் 3ஆம் இடத்தை விரும்பி வெட்டுகிறது. முதன்மை வேலை சிறுகுடலில் நடக்கிறது. பித்த உப்புகள் எண்ணெயைச் சிறு துளிகளாக்குகின்றன. கோலைபேஸ் என்னும் சிறு புரதம் கணைய லைபேஸைத் துளியின் மேற்பரப்பில் நிறுத்துகிறது. நொதியின் வினைமையத்தை மூடிய புரதமடல் அங்கே விலக, 1, 3 ஆகிய ஓரங்கள் அறுபடுகின்றன. நடுவிலுள்ள பிணைப்பு இருபுறமும் நெருக்கப்பட்டு வினைமையத்துக்குள் பொருந்தாமல் தப்புகிறது. நடு அமிலம் மட்டும் ஒட்டியபடி மிஞ்சும் 2-மோனோகிளிசரைடைக் குடல் செல்கள் உறிஞ்சி, அதன் மேலேயே புதிய டிரைகிளிசரைடைக் கட்டுகின்றன. ஆகவே நடு அமிலத்தில் பெரும்பங்கு அதே இடத்தோடு இரத்தத்தை அடைகிறது.

கணைய லைபேஸின் இந்த இயல்பை மாட்சன், பெக் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1956இல் உறுதிசெய்தனர். அதன்பின் அதுவே எண்ணெயை ஆராயும் கருவியானது. சிறிதளவு எண்ணெயை பி.எச். 8 கரைசலில், பித்த உப்பும் கால்சியம் குளோரைடும் சேர்த்து, 40 டிகிரி வெப்பத்தில் நொதியோடு ஓரிரு நிமிடமே குலுக்குவார்கள். நேரம் நீண்டால் நடு அமிலம் தானாகவே ஓரத்துக்கு நகர்ந்து முடிவைக் கெடுத்துவிடும். பிறகு சிலிக்கா தகட்டில் மோனோகிளிசரைடைப் பிரித்துச் சுரண்டி எடுத்து அளப்பார்கள்.

எந்த அமிலம் என்பதைப் போலவே, எந்த இடம் என்பதும் உடலுக்கு முக்கியம். தாய்ப்பாலின் பால்மிடிக் அமிலத்தில் பெரும்பங்கு நடு இடத்தில் இருப்பதால் குழந்தைக்கு எளிதில் சேர்கிறது. தாவர எண்ணெயில் அது ஓரத்தில் இருப்பதால் அறுபட்டு விடுபடுகிறது. கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகி மலத்தில் வெளியேறுகிறது. கால்சியமும் அதோடு வீணாகிறது. இதைச் சரிசெய்ய, ரைசோமியூகார் மீஹெய் பூஞ்சையின் 1, 3 லைபேஸைக் கொண்டு, நடுவில் பால்மிடிக் அமிலம் இருக்க, ஓரங்களில் ஒலீயிக் அமிலத்தை ஏற்றிய கொழுப்பைத் தயாரித்து, குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கிறார்கள். இது நொதித்துறையின் பெரும் சாதனை என்றே சொல்லவேண்டும்.

எல்லா லைபேஸும் இடம் பார்ப்பதில்லை. கேண்டிடா ருகோசா ஈஸ்ட்டின் லைபேஸ் மூன்று இடங்களையும் வெட்டும். நடு இடத்தை மட்டுமே தேடும் லைபேஸ்கள் மிக அரிது.

நனைந்த மல்லாட்டையில் பருப்பின் லைபேஸும் பூஞ்சைகளின் லைபேஸும் எண்ணெயை அறுத்து அமிலத்தைப் பெருக்குகின்றன. காறலுக்கு அது வழி வகுக்கும். அதனால்தான் ஈரம் 8 விழுக்காட்டுக்குள் வரும்வரை பருப்பைக் காயவைக்கிறார்கள். வறுத்தால் நொதி செயலிழக்கும். அதற்குள் பிரிந்துவிட்ட அமிலம் மீண்டும் கிளிசராலோடு சேராது. சுத்திகரிப்பு ஆலைகள் காரம் சேர்த்து அதை நீக்குகின்றன, செக்கெண்ணெயில் அது அப்படியே தங்கிவிடும்.