துருக்கித் தொப்பிக்கு முந்தி

துருக்கித் தொப்பிதான் இலங்கைச் சோனகரின் ஆதி உடுப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எகிப்தின் அறபி பாஷா 1883இல் நாடு கடத்தப்பட்டு கொழும்புக்கு வந்த பின்னர்தான் அது இங்கு வேரூன்றியது. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அதை அணிந்து வழக்காட உயர் நீதிமன்றம் தடை சொன்னது. மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. தொப்பி நம்மட அடையாளமாயிற்று.

அப்படியென்றால் அதற்கு முந்தி என்ன போட்டோம்? இங்குதான் ஹிப்பொலைட் சில்வாஃப் உதவுகிறார். 1801இல் பாண்டிச்சேரியில் பிறந்து இலங்கையில் குடியேறிய ஓவியர். இத்தீவின் பல சமூகத்தாரையும் அவரவர் உடுப்போடு நீர்வண்ணத்தில் தீட்டினார். 1879இல், அதாவது பாஷா வருவதற்கு நான்கு வருடம் முந்தி, மறைந்தார். ஆகவே அவரது படங்கள் துருக்கித் தொப்பிக்கு முந்திய காலத்தின் சாட்சி. மழித்த தலையில் விளிம்பில்லாத, பல நிற, உயரமான தொப்பி போட்ட சோனகரை அந்நூற்றாண்டுப் பயணிகளும் எழுதி வைத்தார்கள்.

ஆனால் ஒரு ஆளை வரைந்து, அதற்கு முழுச் சமூகத்தின் பெயரையும் இடுவது அக்கால ஆடை ஓவியங்களின் வழக்கம். குறிஞ்சாக்கேணியில் வயலுக்கும் கடலுக்கும் போன மனுசரின் உடுப்பை அந்த ஒரு ஆளில் தேட முடியாது. கிண்ணியாவில் எத்தனையோ வீட்டுப் பெட்டகங்களை 2004 சுனாமி கொண்டு போயிற்று. மிஞ்சிய துணிகளை அளந்து, வரைந்து, அவற்றின் பெயர்களை மூத்தம்மாமாரிடம் கேட்டு எழுதுவது நம்மட வேலை. பெயர் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.