சின்ன எழுத்து, பெரிய சிரமம்: மூத்தோருக்கு ஏற்றபடி தமிழ் இணையப் பக்கங்களை அமைப்பது எப்படி?

‘கட்டணம் செலுத்த வேண்டும்.’ ‘கட்டணம் செலுத்த வேண்டாம்.’ இரண்டு வரிகளுக்கும் வேறுபாடு ஒரே இடத்தில்தான்: ‘டு’, ‘டா’. கைப்பேசித் திரையில் வெளிர்சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இந்த வரி வந்தால், 70 வயதைக் கடந்த ஒருவர் அதை எப்படிப் படித்திருப்பார் என்று சொல்ல முடியாது.

பற்றுச்சீட்டு, மருந்தகச் சந்திப்பு, வங்கிக் கணக்கு, கோயில் பூசைக்கான முன்பதிவு என எல்லாம் திரைக்கு வந்துவிட்டன. மூத்தோருக்கு மின்னிலக்கத் திறன்களைக் கற்றுக்கொடுப்பது பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால், எங்கே தொட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், எழுத்து தெளிவாகத் தெரியாத ஒரே காரணத்தால் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ கைப்பேசியை நீட்டும் பெரியவர்கள் பலர். தங்கள் வங்கி இருப்பையும் மருத்துவ முடிவையும் இன்னொருவர் கண்ணால் படிக்க வேண்டிய நிலை. மோசடித் தளங்களின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கவும் முதலில் அந்த எழுத்து தெரிய வேண்டும்.

கண்ணில் என்ன மாறுகிறது?

ஏறத்தாழ 40 வயதிலிருந்து கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழக்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. இது எல்லாருக்கும் தெரிந்ததே. அதிகம் பேசப்படாதது வேறொன்று. வயது கூடும்போது வில்லை மஞ்சள் பூக்கிறது, கண்மணி சுருங்குகிறது. விழித்திரைக்குச் சேரும் ஒளி குறைகிறது. அதனால் எழுத்தின் அளவு மட்டுமன்றி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடும் முக்கியமாகிறது. கண்ணாடி அணிந்தாலும் வெளிர் எழுத்து வெளிராகவே தெரியும்.

கண்புரை வந்தவர்களுக்கு வெள்ளைத் திரை கூசும். விழித்திரையின் மையப் பகுதி சிதைந்தவர்களுக்குப் பார்க்கும் இடத்திலேயே எழுத்து மறையும். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு ஓரப்பார்வை சுருங்குவதால், பக்கத்தின் மூலையில் இருக்கும் பொத்தான் கண்ணில் படாது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்படுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் நீரிழிவு விகிதம் சீனர்களைவிட இந்தியர்களிடையே அதிகம் என்பதால், தமிழ்ப் பக்கங்களை நடத்துவோர் இதை மற்றவர் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

இணையத் தரங்களை வகுக்கும் ‘டபிள்யூ3சி’ கூட்டமைப்பு, உடற்குறை உள்ளவர்களும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்கான வழிகாட்டி ஒன்றை வைத்திருக்கிறது. ‘டபிள்யூசிஏஜி’ எனப்படும் அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது அது. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். இன்னும் கடுமையான நிலைக்கு 7க்கு 1.

வெள்ளையில் கறுப்பு என்றால் 21க்கு 1. வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த மெல்லிய சாம்பல் நிறமான #999999, வெள்ளைப் பின்னணியில் 2.85தான். #767676 என்று சற்று அடர்த்தியாக்கினால் 4.54, மயிரிழையில் தேறிவிடும். முழுச் சிவப்பு வெள்ளையில் ஏறத்தாழ 4தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ‘அவசரம்’ என்று சிவப்பில் போடும் சின்ன வரிகள் இந்தக் கணக்கில் தேறுவதில்லை. வெள்ளையில் மஞ்சள் 1.07, எழுதாமலே விட்டதற்குச் சமம். ‘வெப்எய்ம்’ போன்ற தளங்களில் நிற எண்களைக் கொடுத்தால் விகிதத்தை இலவசமாகக் கணக்கிட்டுச் சொல்லும்.

கருவி இல்லாமலும் சோதிக்கலாம். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து வெயிலுக்கு வந்து பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்கே படிக்கச் சிரமமாக இருந்தால், பெரியவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே அதே சிரமம்தான்.

தமிழுக்கு மட்டும் சில

இந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து விளக்கப்படுகின்றன. தமிழில் பொருளைச் சுமப்பவை மிகச் சிறிய குறிகள். ‘எரி’, ‘ஏரி’ இரண்டையும் பிரிப்பது அடியில் ஒரு சிறு கோடு. ‘கொள்’, ‘கோள்’ இரண்டையும் பிரிப்பது கொம்பின் ஒரு சுழி. புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய் ஆகிவிடும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் சுழிகளின் எண்ணிக்கையில்தான் வேறுபாடு. ஆங்கிலத்தில் பொடி எழுத்தை ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் ஊகம் தவறான சொல்லில் போய் நிற்கும்.

பெரும்பாலான உலாவிகளில் இயல்பான எழுத்தளவு 16 பிக்சல். தமிழ்ப் பத்திகளுக்கு 18 முதல் 20 வரை வைப்பதே நல்லது என்பேன். வரிகளுக்கு இடையிலும் தாராளம் வேண்டும். ‘கி’, ‘கீ’ மேலே வளைகின்றன. ‘பு’, ‘சு’, ‘வு’ கீழே இறங்குகின்றன. வரி இடைவெளி எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்காவது இல்லாவிட்டால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். இணைப்புகளுக்கு அடிக்கோடு தேவைதான். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஆனால் கோடு ‘பு’வின் காலை வெட்டாதபடி சற்றுக் கீழே தள்ளி வைக்க வேண்டும்.

தடித்த எழுத்து எப்போதும் உதவாது. சிறிய அளவில் தடிப்பாக்கினால் ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ ஆகியவற்றின் சுழிகள் மூடிக்கொண்டு கரும்புள்ளியாகிவிடும். தலைப்புக்கு மட்டும் போதும். பத்தியை இருபுறமும் சமமாக நெருக்கி அமைக்கும் பழக்கமும் கைப்பேசித் திரைக்கு ஒவ்வாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுக்கமான திரையில் ஒரு வரிக்கு இரண்டு, மூன்று சொற்களே அடங்கும். நடுவில் பெரும் பள்ளங்கள் விழும். இடப்புறம் மட்டும் ஒழுங்காக இருந்தாலே கண் அடுத்த வரியைத் தவறாமல் பிடித்துக்கொள்ளும்.

படமாக வரும் எழுத்து

நம் சமூக அமைப்புகளின் பக்கங்களில் பெரும் தடை இதுதான். திருவிழா, இலக்கிய நிகழ்ச்சி, இலவச மருத்துவப் பரிசோதனை என எதுவானாலும் ஓர் அழகான சுவரொட்டியைச் செய்து, அதையே படமாகத் தளத்தில் போட்டுவிடுகிறோம். அடர்சிவப்புப் பின்னணி, பொன்னிற எழுத்து, ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு. நாள், நேரம், இடம் எல்லாம் அடியில் எறும்பு வரிசைபோல் கிடக்கும். பக்கத்தின் எழுத்தளவைக் கூட்டினாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்து அசையாது. விரல்களால் விரித்தால் மங்கும். திரைவாசிப்புச் செயலி அதை எழுத்தாகப் படிக்காமல் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகரக்கூடும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1990களில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீட்டைப் பயன்படுத்தியது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் குப்பையாகத் தெரிந்தது. 1997ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது பொதுக் குறியீடு ஒரு முக்கிய விவாதம். இப்போது யுனிகோட் எல்லாக் கைப்பேசிகளிலும் இயங்குகிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

சுவரொட்டியை விட்டுவிட வேண்டியதில்லை. அதன் கீழே என்ன நிகழ்ச்சி, எந்நாள், எத்தனை மணி, எந்த இடம், கட்டணம் எவ்வளவு, யாரை அழைப்பது என்று ஐந்தாறு வரிகளைத் தட்டச்சு செய்து போட்டால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் அப்படியே.

பிடிஎஃப் கோப்புகளுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு வரியை நகலெடுத்துக் குறுஞ்செய்தியில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. புரியாத குறிகளாக வந்தால் அது பழைய எழுத்துருவில் செய்தது; திரைவாசிப்புச் செயலிக்கும் அப்படித்தான் கேட்கும். நகலெடுக்கவே முடியாவிட்டால் பெரும்பாலும் அது வருடிய படமாக இருக்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடவும் தளம் அமைப்பவரிடம் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் சில செயலிகள் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயலும்.

இன்னொன்றையும் அவரிடம் கேட்டுவிடுங்கள்: விரலால் பெரிதாக்குவதைத் தளம் தடுக்கிறதா? பக்கத்தின் அமைப்பு குலையக்கூடாது என்பதற்காகச் சிலர் அப்படிப் பூட்டிவிடுகிறார்கள். எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்பது வழிகாட்டியின் விதி.

வீட்டில் செய்யக்கூடியவை

தளங்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, ‘அக்ஸசிபிலிட்டி’, ‘டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்’ என்று சென்றால் எழுத்தைப் பெரிதாக்கலாம். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் ‘டிஸ்ப்ளே’ பகுதியில் இருக்கும். ஆண்ட்ராய்டு குரோம் உலாவியின் ‘அக்ஸசிபிலிட்டி’ பகுதியில் ‘ஃபோர்ஸ் எனேபிள் ஸூம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பூட்டிய பக்கங்களையும் விரித்துப் பார்க்கலாம். சஃபாரி 2016 முதல் அந்தப் பூட்டைப் பொருட்படுத்துவதில்லை. சஃபாரியின் ‘ரீடர்’ முறை விளம்பரங்களை நீக்கி எழுத்தை மட்டும் காட்டும். கணினியில் ‘கன்ட்ரோல்’ விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் பக்கம் பெரிதாகும்.

கறுப்புப் பின்னணி எல்லாருக்கும் நல்லது என்று பிள்ளைகள் மாற்றி வைத்துவிடுவதுண்டு. கூச்சம் உள்ளவர்களுக்கு அது உதவும். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கோ வெள்ளை எழுத்து கசிந்ததுபோல் தெரியும். பயன்படுத்துபவரிடம் இரண்டையும் காட்டிக் கேட்பதே முறை.

இந்த அமைப்புகளைச் செய்துகொள்ள உதவி தேவைப்படுவோர், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள ‘எஸ்ஜி டிஜிட்டல்’ நிலையங்களில் மின்னிலக்கத் தூதர்களை அணுகலாம். கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத பார்வைக் குறை உள்ளவர்களுக்கு, தோ பாயோ ரைசில் உள்ள சிங்கப்பூர் பார்வைக் குறையுள்ளோர் சங்கம் வழிகாட்டுகிறது. 60 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்கள் ‘புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்’ திட்டத்தில் பார்வை, செவி, வாய்ச் சுகாதாரம் மூன்றையும் சோதித்துக்கொள்ளலாம். புதிய கண்ணாடி எடுப்பதாக இருந்தால் கைப்பேசியையும் கொண்டுபோய், வழக்கமாக எவ்வளவு தூரத்தில் பிடித்துப் படிக்கிறீர்கள் என்று கண் பரிசோதகரிடம் காட்டுங்கள். புத்தகம் படிக்கும் தூரமும் திரை பார்க்கும் தூரமும் பலருக்கு ஒன்றல்ல.